அடுப்படியின் சீருடை

ஜெர்மனியின் கிழக்கே எந்தப் பழம்பொருள் சந்தைக்குப் போனாலும் ஒரு கம்பி நிறைய அது தொங்கும். கை இல்லாத, முழங்காலைத் தொடுகிற, கழுத்திலிருந்து கீழ்வரை பொத்தான் வைத்த மெல்லிய மேலங்கி. நீலத்தில் மஞ்சள் பூ, காவியில் பழுப்புப் பூ, ஊதாவில் எந்தச் செடியிலும் பூக்காத ஏதோ ஒரு பூ. வயிற்றுக்குக் கீழே இரு பக்கமும், கை முழுதாக இறங்குகிற அளவுக்கு இரண்டு பைகள். விரலால் தேய்த்தால் சரசரக்கும். குளிர்நாளில் கழற்றினால் தலைமுடி எழுந்து நிற்கும். கிட்டல்ஷுர்ட்ஸ என்பது அதன் முழுப்பெயர், சுருக்கமாகக் கிட்டல்.

லைப்சிக்கின் தென்கோடியில் மாதந்தோறும் கூடும் அக்ரா சந்தையில் அதை வாங்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். எல்லாம் இருபதை ஒட்டிய வயது. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு மறைந்த பிறகு பிறந்தவர்கள். கண்ணாடி முன் மாட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், பேரம் பேசாமல் வாங்கிப் போகிறார்கள். பழைய நாட்களைக் கொண்டாடும் விருந்துகளுக்கு இதுதான் வேடம். பக்கத்திலேயே அந்த அங்கியை உண்மையாகவே உடுத்திக் கிழித்த வயதுப் பாட்டி ஒருத்தி, கம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பீங்கான் தட்டுகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

‘மறைந்த உடைகள்’ என்று எழுதச் சொன்னபோது ஆசிரியர் குழு தாவணியைத்தான் மனதில் வைத்திருக்கும். தாவணிக்கு அழுவதற்கு ஊரில் ஆள் நிறைய. நான் கிட்டலைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இது ஏப்ரன் இல்லை. ஏப்ரன் முன்பக்கத்தை மட்டும் மறைக்கும், வேலை முடிந்ததும் அவிழ்த்து ஆணியில் மாட்டலாம். கிட்டல் உடம்பைச் சுற்றி மூடும். காலையில் ஏறினால் இரவில்தான் இறங்கும். உள்ளே பாவாடையும் சட்டையும் இருக்கும்; கோடையில் உள்ளாடையைத் தவிர ஒன்றும் இருக்காது என்பது தெருவுக்கே தெரிந்த ரகசியம். வாசல் மணியை அடித்தது தபால்காரரோ பக்கத்து வீட்டுக்காரியோ என்றால் அப்படியே போய்த் திறப்பார்கள். பாதிரியார் என்றால் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே உள்ளே ஓடுவார்கள். தோட்டம், கோழிக் கூண்டு, ரொட்டிக்கடை வரைக்கும் கிட்டலோடு போகலாம். அதைத் தாண்டிப் போனால் ஊர் பேசும். எதுவரை போகலாம் என்ற எல்லையை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது.

அது ஏன் வந்தது என்பதில் மர்மம் இல்லை. உடுப்பு குறைவு, அழுக்கு அதிகம், துவைப்பது பெரும்பாடு. சலவை இயந்திரம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பு, ஜெர்மன் குடியிருப்புகளின் நிலவறையில் சலவைக்கென்றே ஓர் அறை இருந்தது. பெரிய சலவை என்றால் அது ஒரு நாளில் முடியாது. முதல் நாள் ஊறவைத்து, மறுநாள் கொப்பரையில் வெந்நீர் கொதிக்க விட்டு, பலகையில் தேய்த்து, பிழிந்து, கொடியில் போட்டு நிமிர்ந்தால் இடுப்பு இருக்காது. சில வாரங்களுக்கு ஒருமுறைதான் அந்தக் கொடுமை. அதுவரை உள்ளே போட்டிருக்கும் உடுப்பு அழுக்காகாமல் இருக்க வேண்டும். கூடவே கரி. கிழக்கில் பெரும்பாலான பழைய வீடுகள் பழுப்பு நிலக்கரிக் கட்டிகளால் சூடேற்றப்பட்டவை. நிலவறையிலிருந்து கரியை வாளியில் சுமந்து மேலே ஏற வேண்டும், சாம்பலைச் சுமந்து கீழே இறங்க வேண்டும். அந்தத் தூளுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை என்ன செய்யும்?

(சலவை இயந்திரம் வந்த கதையும் சுவாரஸ்யம்தான். கிழக்கில் வீட்டுக்கு வீடு இருந்த டபிள்யூஎம் 66 என்ற இயந்திரம் தண்ணீரைத் தானே கொதிக்க வைக்கும். துணி துவைக்காத நேரத்தில் அதில் பழம் நிரப்பிய கண்ணாடிப் புட்டிகளை வேகவைத்தார்கள். திருவிழா நாட்களில் கொத்துக் கொத்தாகத் தொத்திறைச்சி சூடாக்கினார்கள். அந்த இயந்திரத்துக்கும் இன்று ரசிகர்கள் உண்டு. அதை விட்டுவிடுவோம்.)

பருத்திக் கிட்டல் ஏற்கெனவே இருந்ததுதான். அதை நாடு முழுக்கப் பரப்பியது செயற்கை இழை. 1938ஆம் ஆண்டு ஜனவரியில் பெர்லின் லிக்டன்பெர்க்கில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பால் ஷ்லாக் என்ற வேதியியலாளர், அமெரிக்க நைலானுக்குப் போட்டியாக வேறொரு வழியில் ஓர் இழையை உருவாக்கினார். பெர்லோன் என்று பெயரிட்டார்கள். போரில் அது பாராசூட் துணியாயிற்று. போருக்குப் பின் நாடு இரண்டாக, இழையும் இரண்டாயிற்று. மேற்கில் அதே பெர்லோன். கிழக்கில் 1959 முதல் டெடெரோன். டே டே எர் என்ற நாட்டின் சுருக்கப் பெயரோடு இழைக்குரிய ‘ஓன்’ விகுதியை ஒட்டிய பெயர். வேதியியல் ஒன்றுதான். தூரிங்கியாவில் ருடோல்ஷ்டாட் நகரை ஒட்டிய ஷ்வார்ட்சாவில் அதற்கான பெரிய ஆலை; பின்னர் போலந்து எல்லையில் நைஸ்ஸ ஆற்றங்கரையில் கூபன் நகரிலும் ஒன்று எழுந்தது.

ஓர் அரசு தன் பெயரையே வைத்த துணியைச் சும்மா விடுமா? 1958 நவம்பரில் லொய்னாவில் கட்சி கூட்டிய வேதியியல் மாநாடு, வேதியியல் ரொட்டியும் வளமும் அழகும் தரும் என்று முழங்கியது. பருத்தி இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி வேண்டும். நிலக்கரியும், சோவியத்திலிருந்து குழாயில் வரும் எண்ணெயும் கையில் இருந்தன. ஆகவே இழை, இழையிலிருந்து துணி, துணியிலிருந்து சட்டை, திரை, காலுறை, கடைப்பை. அந்த அழகு கடைசியில் வந்து சேர்ந்த இடம் அடுப்படிதான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. 1969இல் நாட்டின் 20ஆம் ஆண்டு விழாவுக்காகப் ‘ப்ரெசென்ட் 20’ என்ற பாலியஸ்டர் துணியைப் பரிசுப் பெயரோடு அறிமுகப்படுத்தி அதில் கோட்டும் சூட்டும் தைத்தார்கள். அதையெல்லாம் இன்று நினைப்பவர் குறைவு. மக்கள் மனதில் நின்றது சூட்டு இல்லை, கிட்டல்.

டெடெரோனின் குணம் கிட்டலுக்கென்றே அமைந்தது. இரவில் அலசித் தொங்கவிட்டால் விடியலில் உலர்ந்திருக்கும். இஸ்திரி வேண்டாம்; சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிவிடும் என்பது வேறு. சாயம் போகாது. கிழியாது. காற்றும் போகாது, வியர்வையும் வெளியேறாது, ஜூலை மாதத்தில் அதற்குள் ஒரு பெண் மெல்ல வெந்துகொண்டிருப்பாள். அடுப்புத் தீ அருகே அதைப் போட்டுக்கொண்டு நிற்பது அபாயம். இருந்தும் போட்டார்கள், ஏனென்றால் நாளைக்கு இன்னொன்றைத் துவைக்க நேரம் கிடையாது.

நேரம் கிடையாது என்பதுதான் விஷயம். கிழக்கு ஜெர்மனியின் கடைசி ஆண்டுகளில் வேலை வயதுப் பெண்களில், படிக்கிறவர்களையும் சேர்த்து, பத்தில் ஒன்பது பேர் வேலையில் இருந்தார்கள். உலகத்திலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று. 1967 முதல் முழுநேர வேலை என்றால் பொதுவாக வாரம் 43¾ மணி நேரம். விடியலில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு, ஆலைக்குப் போய், மாலையில் கடை வரிசையில் நின்று, குழந்தையை அழைத்துக்கொண்டு வீடு திரும்பி, கதவைச் சாத்தியதும் கைப்பையை வைத்த அதே அசைவில் ஆணியிலிருந்து கிட்டலை எடுத்து மாட்டுவாள். இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கிவிட்டது. ஆலையில் ஒரு சீருடை, வீட்டில் ஒரு சீருடை. கணவன் கதவைச் சாத்தியதும் எதை மாட்டினான்? சாம்பல் நிற வேலைக் கோட்டு ஆண்களுக்கும் இருந்தது. அது பட்டறைக்கும், பள்ளிக் காவலாளிக்கும், சனிக்கிழமை கார் பழுது பார்ப்பதற்கும். அடுப்படிக்கு இல்லை.

இரண்டாவது ஷிஃப்ட் இருக்கிறது என்பதை அந்த அரசு ஒப்புக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1952 முதல் திருமணமான, முழுநேரம் வேலை செய்யும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, வீட்டு வேலைக்காகவே. 1977இல் 40 வயது கடந்த தனித்து வாழும் பெண்களுக்கும் அது கிடைத்தது. அந்த நாளில் ஜன்னல் துடைத்தார்கள், திரை துவைத்தார்கள். சம்பளம் கொடுத்து ஒரு நாடு தன் பெண்களை வீட்டைத் துடைக்க அனுப்பியது. அவமானம் என்றும் சொல்லலாம், அங்கீகாரம் என்றும் சொல்லலாம். நான் பாதிக்குமேல் அங்கீகாரம் என்று சொல்கிற கட்சி.

மேற்கிலும் சில மாநிலங்களில் அப்படி ஒரு விடுப்பு இருந்தது. தனியாக வீடு நடத்தும் ஆணுக்கு மட்டும் அதை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 1979இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் மேற்கின் பெரிய கதை வேறு. 1977 ஜூலை வரை அங்கே சிவில் சட்டமே வீட்டு நிர்வாகத்தை மனைவியின் பொறுப்பு என்று எழுதி வைத்திருந்தது. குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கு அவள் வெளி வேலைக்குப் போகலாம், அவ்வளவுதான். ஆகவே மேற்கிலும் கிட்டல் செழித்தது. தபால் வழி விற்பனைப் பட்டியல்களில் பக்கம் பக்கமாக வந்தது. ரூர் பகுதியின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஜன்னல் விளிம்பில் ஒரு தலையணையைப் போட்டு, முழங்கையை ஊன்றி, கிட்டலோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் அந்த ஊர்களின் அடையாளமாகவே ஆனார்கள். தெற்கே ஷ்வாப் நாட்டில் கேர்வொஹ என்றொரு முறை உண்டு. இந்த வாரம் மாடிப்படியையும் நடைபாதையையும் பெருக்குவது யார் முறை என்று கதவில் ஓர் அட்டை தொங்கும். முறை வந்தவள் கிட்டலும் துடைப்பமுமாக வீதிக்கு இறங்குவாள். சரியாகப் பெருக்கினாளா என்று எதிர்வீட்டுக் கிட்டல் பார்த்துக்கொண்டிருக்கும்.

இத்தனை பேர் இத்தனை காலம் உடுத்திய ஓர் உடை கேலிக்குரியதாக ஆனது எப்படி? கார்னிவல் ஊர்வலங்களில் வேலைக்காரி வேடம் என்றால் கிட்டலும் தலைத்துணியும் துடைப்பமும்தான். ஆண்களே அதை மாட்டிக்கொண்டு மேடையேறிக் குரலை உயர்த்திப் பேசினால் கூடம் அதிரும். தொலைக்காட்சி நகைச்சுவையில் கிட்டல் போட்டவள் என்றால் வம்பு பேசுகிறவள், படிக்காதவள், குண்டானவள். வேலையை நேராகக் கேலி செய்ய முடியாது, அம்மா கோபித்துக்கொள்வாள். வேலையின் உடையைக் கேலி செய்தால் அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். மறுநாள் அதை மாட்டும்போது கொஞ்சம் கூசுவாள். கூச்சம் ஒரு தலைமுறை சேர்ந்தால் உடை தானாக உதிர்ந்துவிடும்.

இந்தக் கேலிக்கு முன்னால் ஒரு கொண்டாட்டமும் இருந்தது. 1945க்குப் பிந்தைய படங்களில், குண்டு வீச்சில் நொறுங்கிய நகரங்களின் செங்கற்களைக் கைமாற்றும் பெண்கள் அங்கியும் தலைத்துணியுமாகத்தான் நிற்கிறார்கள். நாட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் என்று சிலை வைத்தார்கள். இடிபாடு அகற்றியதில் பெண்களின் பங்கு சொல்லப்பட்ட அளவு பெரிதில்லை, இயந்திரங்களும் கட்டுமான நிறுவனங்களும்தான் பெரும்பகுதியைச் செய்தன என்று 2014இல் ஓர் ஆய்வு நூல் வந்து சர்ச்சை கிளப்பியது. இருக்கட்டும். தெருவில் கல் எடுத்த அங்கிக்குச் சிலை. அதே அங்கி வீட்டுக்குள் நாற்பது வருஷம் தட்டு கழுவியதற்குக் கார்னிவல்.

கிழக்கில் முடிவு சட்டென்று வந்தது. 1990 ஜூலை முதல் தேதி மேற்கின் மார்க் கிழக்குக்கு வந்தபோது கடை அலமாரிகள் ஏறக்குறைய ஒரே இரவில் மாறின. நேற்று வரை வரிசையில் நின்று வாங்கியதை இன்று சீண்டுவாரில்லை. அந்தத் துணிகளை நெய்து தைத்த ஆலைகள் அடுத்தடுத்து மூடின; நெசவு, தையல் என்றால் வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆலைச் சீருடையும் போயிற்று, வீட்டுச் சீருடையும் போயிற்று. வீட்டு வேலைக்கான மாத விடுப்பும் சில ஆண்டுகளில் ரத்தானது. மேற்கில் இவ்வளவு சத்தம் இல்லை. முழுத் தானியங்கி சலவை இயந்திரம், மையச் சூடேற்றி, ஏழெட்டு யூரோவுக்கு ஒரு டி-ஷர்ட் என்று ஆனதும் உடுப்பைக் காப்பாற்ற இன்னொரு உடுப்பு எதற்கு? எல்லாரும் ஜாகிங் பேன்ட்டுக்கு மாறினார்கள். 2003இல் ‘குட் பை, லெனின்!’ படத்தில் மகன், அம்மாவுக்காக மறைந்த நாட்டை ஒரு வீட்டுக்குள் மீண்டும் கட்டும்போது, ஊறுகாய்ப் புட்டியோடு பழைய துணிமணிகளையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஏக்கம் ஒரு வியாபாரம். டெடெரோன் துணியில் புதிதாகப் பை தைக்கிறார்கள், பழைய கிட்டலை வெட்டிப் பாவாடை ஆக்குகிறார்கள், அருங்காட்சியகக் கடைகளில் பூப்போட்ட துணிக்குத் தனி அலமாரி.

வாங்குகிறவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு உறுத்துவது வேறு. உடை போயிற்று, வேலை போகவில்லை. ஜெர்மன் அரசுப் புள்ளிவிவரத் துறை 2022இல் எடுத்த நேரக் கணக்கெடுப்பில் பெண்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 30 மணி நேரம் சம்பளமில்லாத வேலை செய்கிறார்கள். ஆண்கள் 21 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 44 சதவீதம் அதிகம். இந்த 30 மணி நேரத்துக்கு இன்று எந்த அடையாளமும் இல்லை. ஜாகிங் பேன்ட்டில் தொலைக்காட்சி பார்க்கிற கணவனும், ஜாகிங் பேன்ட்டில் மூன்றாவது சுற்றுத் துணியை இயந்திரத்திலிருந்து உருவுகிற மனைவியும் பார்வைக்கு ஒன்றுபோல் ஓய்வில் இருக்கிறார்கள். கிட்டல் போட்டவளைப் பார்த்து ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்’ என்று சொல்ல முடியாது. பொத்தான்கள் மூடியிருந்தால் அவள் வேலையில் இருக்கிறாள். அவிழ்த்து மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. பிள்ளைகளுக்கும் அது புரிந்தது. இன்று வீட்டிலிருந்தே அலுவலகம் நடத்துகிறவள் கணினிக் கூட்டத்துக்கு நல்ல சட்டையும் அதற்குக் கீழே பைஜாமாவுமாக உட்கார்ந்து, இடைவேளையில் பாத்திரம் கழுவுகிறாள். அது எந்த வேலையின் நேரம் என்று அவளுக்கே தெரியாது.

நம் ஊரில் கிட்டலுக்குச் சரியான ஜோடி உண்டு. நைட்டி. இரவுக்கென்று வந்து பகலைப் பிடித்துக்கொண்ட உடை. பூப்போட்டது, தளர்ந்தது, வேகமாகக் காய்வது. வாசலுக்குப் போகத் தோளில் ஒரு துண்டு. பால்காரர், காய்கறி வண்டி, பள்ளி வேன் வரை அனுமதி, அதற்கு மேல் ஊர் பேசும். கேலியும் அதே கேலி. மீம் போடுகிறவர்கள், மேடைச் சிரிப்புக்காரர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களின் சித்தப்பாக்கள் எல்லாருக்கும் நைட்டி என்றால் இளக்காரம். 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக் கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்று ஊர்ப் பெரியவர்கள் தண்டோரா போட்டார்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அந்த நைட்டிக்குள் இருந்தவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எந்தப் பெரியவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்தியாவின் 2024 நேரக் கணக்கெடுப்பு அதைச் சொல்கிறது. சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம். ஈடுபடுகிற ஆண்கள் 88 நிமிடம்.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயை உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளின் கணக்கில் விழுந்தது. தொகை போதுமா என்பது தனி விவாதம். கிழக்கு ஜெர்மனியின் மாத விடுப்பு போலவே, வீட்டுக்குள் நடப்பது வேலைதான் என்று ஏதோ ஒரு பேரேட்டில் பதிவாகிவிட்டது. பேரேட்டில் பதிவானது வீட்டுக் கூடத்தில் கண்ணுக்குத் தெரிகிறதா என்றால், இல்லை.

கிட்டல் பெண்ணை அடுப்படியோடு சேர்த்துப் பொத்தான் போட்ட உடை, ஒழிந்ததே விடுதலை என்று சொல்கிற பெண்ணியவாதிகள் ஜெர்மனியில் நிறையப் பேர். அவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் அந்த உடையை ஒழித்தவர்கள் ஆணியைப் பிடுங்கவில்லையே.

பைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கிட்டலின் இரண்டு பைகளும் ஒரு நடமாடும் அலுவலகம். துணி கவ்விகள், சாவிக் கொத்து, கைக்குட்டை, சில்லறை, செடி கட்டும் நூல், சின்னக் கத்தி, பேரனுக்கு ஒரு மிட்டாய். இரு கையும் எப்போதும் வேலைக்குத் தயாராக இருக்கப் பை வேண்டும் என்று அந்த உடையைத் தைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பெண்களின் கால்சட்டையில் பை என்று வெறும் தையல் கோடு மட்டும் இருக்கிறது. கைபேசியின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நைட்டிக்குப் பை வைத்துத் தைக்கச் சொன்னால் தையல்காரர் ‘எதுக்கு மேடம்?’ என்பார். இப்போது கடைகளில் பை வைத்த நைட்டி என்று தனியாக எழுதியே விற்கிறார்கள். நல்லது.

ஜெர்மனித் தமிழர்களுக்கும் கிட்டலுக்கும் உறவு இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களில் பலர் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸ ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். 1985இல் கிழக்கு அரசு அந்த வழியை அடைத்தது. அப்படியும் வேறு வழிகளிலும் வந்து ரூர் பகுதி ஊர்களில் தங்கிய குடும்பங்கள் ஏராளம்; ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் அங்கே எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த முதல் தலைமுறைப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், மொழி தெரியாத ஊரில் முதலில் சிநேகமானது யார் என்ற இடத்தில் அடிக்கடி ஒரு கிட்டல் வரும். பக்கத்து வீட்டு வயதான அம்மா, பூப்போட்ட மேலங்கியோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, உருளைக்கிழங்கு, வெங்காயம், துணிக்கவ்வி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவர். கோட்டு போட்டுத் தெருவில் போகிற ஜெர்மன்காரியிடம் பேசப் பயமாக இருக்குமாம். ‘உந்தச் சட்டையோட நிண்டா அவவும் எங்களைப்போல வீட்டு வேலைக்காரிதானே அக்கா’ என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அவரும் பின்னாளில் துப்புரவுப் பணிக்குப் போனார். அங்கே கொடுத்ததும் ஒரு கிட்டல், பூவில்லாத வெளிர் நீலம், நிறுவனத்தின் பெயர் பொறித்தது. கூலி கொடுக்கிற இடத்தில் மட்டும் இன்றும் சீருடை இருக்கிறது.

போலந்து எல்லை அருகே ஐசன்ஹுட்டன்ஷ்டாட் நகரில் கிழக்கு ஜெர்மனியின் அன்றாட வாழ்வுக்கென்று 1993இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். மக்கள் குப்பையில் போட இருந்த வானொலி, தட்டு, துணி, பொம்மை எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது இருக்கும் கட்டடம் முன்பு ஒரு குழந்தைகள் காப்பகம். ஆலைக்குப் போன தாய்மார்கள் விடியலில் பிள்ளைகளை விட்டுப் போன அதே வகை இடம். பெர்லினில் ஸ்ப்ரே ஆற்றங்கரையில் 2006இல் திறந்த டே டே எர் அருங்காட்சியகத்தில் சுற்றுலாக் கூட்டம் அதிகம். மாதிரி வீட்டின் சமையலறைக்குள் நுழைந்து அலமாரிகளைத் திறந்து பார்க்கலாம். இத்தகைய இடங்களில் ஒரு துணிக்கு எழுதப்படும் சீட்டில் இழை என்ன, எந்தக் காலத்தது என்றெல்லாம் இருக்கும். அதைப் போட்டவள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தாள் என்பதை யாராவது எழுதினால் தேவலை. கேட்டுச் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் இருக்க மாட்டார்கள்.

கிட்டல் முழுக்க ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. கிழக்கின் சிற்றூர்களில் வாரச்சந்தை கூடும்போது பார்க்கலாம். புதிதாகத் தைத்த கிட்டல்களை விற்கிற கடைகளில் பல வியட்நாம்காரர்களுடையவை. 1989 வாக்கில் கிழக்கில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக சுமார் 60,000 வியட்நாமியர் இருந்தார்கள், அவர்களில் பலர் நெசவு, தையல் ஆலைகளில். விடுதி அறைகளில் இரவில் ஜீன்ஸ் தைத்து ஜெர்மன்காரர்களுக்கு விற்றவர்கள் அவர்கள். ஆலை மூடியதும் ஊருக்குத் திரும்பாதவர்களில் பலர் சந்தையில் துணிக்கடை போட்டார்கள். முப்பது வருஷமாக அதே கடை, அதே வாடிக்கையாளர்கள். அளவு கேட்க வேண்டியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போன முறை எடுத்த நீலம் எப்படி இருந்தது என்று விசாரிக்கிறார்கள். பருத்தி கலந்ததும் வைத்திருக்கிறார்கள், ஆனால் பாட்டிகள் வழவழப்பானதைத்தான் எடுக்கிறார்கள். காய்வதற்கு நேரமாகாதாம். வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். கடைக்காரர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள், சிலர் நகரில் நகப்பூச்சு நிலையம் வைத்திருக்கிறார்கள். கம்பியில் பத்துக் கிட்டல் தொங்கிய இடத்தில் இப்போது நான்கு; மீதி இடத்தில் ஜாகிங் பேன்ட்.